பொட்டு வைத்த டேப்ரிக்கார்டர்

பட்டாபிராமில் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு டேப்ரிக்கார்டர் வந்தது 1988 ஜூன் மாதம். கூடவே எட்டு கேசட். லண்டன் துரைசானி ஒருத்தி அதற்குள்ளிருந்து ஆங்கிலம் பேசுவாளாம். எங்கள் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அப்படியே பேசுவார்களாம். மொழி வகுப்பில் மாபெரும் புரட்சி என்றது சுற்றறிக்கை. தலைமையாசிரியர் பக்தவத்சலம் அன்றைக்கே புரட்சியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. ஒடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்றார்.

எங்கள் பள்ளியில் அரசாங்கச் சாமானைத் தொடாமல் வைத்திருப்பதற்குப் பெயர்தான் உபயோகிப்பது. உலக உருண்டை ஆறு வருடமாகப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. தூசு படாத உலகம்.

ஆங்கிலம் எடுத்தவர் ஞானகுமாரி டீச்சர். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். தற்காலிக வேலை. டிசம்பரோடு முடிகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி 'இந்த ஆசிரியை தேவை' என்று ஒரு வரி எழுதினால்தான் ஜனவரியில் வகுப்பு உண்டு. டீச்சரின் அப்பாவுக்கு வேலை போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் உலை கொதித்தது இந்த டீச்சரால்தான்.

மூன்று முறை பீரோ சாவி கேட்டார். மூன்று முறையும் "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தது. சரியென்று வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். பாதிப் பேர் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று ஊருக்கொரு நாக்கு. நாலே மாதத்தில் அத்தனை நாக்கையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

டேப்ரிக்கார்டர் வெளிச்சத்தைப் பார்த்தது ஆயுத பூஜையன்றுதான். தையல் மெஷின், மண்வெட்டி, பள்ளிக்கூட மணி வரிசையில் அதையும் வைத்தார்கள். பூஜை போட்டவன் நான், பரந்தாமன். தமிழாசிரியன் என்றால் கடவுள் வாழ்த்துக்கும் பூஜைக்கும் நேர்ந்துவிடப்பட்டவன் என்று பொருள். வெளியே மட்டும் பொட்டு வைத்தால் சரஸ்வதிக்குத் திருப்தியாகுமா? மூடியைத் திறந்து, உள்ளே சக்கரம் சுழலும் இடத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

"உள்ளே வேணாங்கய்யா, ஒட்டிக்கும்" என்று டீச்சர் மெல்லச் சொன்னார். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண்ணுக்கு எங்கள் பூஜையில் என்ன வேலை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நவம்பரில் அதிகாரி எட்மண்ட் வருகிறார், டேப்ரிக்கார்டர் பாடத்தைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. பீரோ திறந்தது. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. பியூன் வேம்புலி கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினான்.

"தமிழய்யா, இன்னா இது? நாடாவ இஸ்து இஸ்து துன்னுகினு கீது!"

ஹெட்மாஸ்டர் என்னை முறைத்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் துரைசானி மாதிரி நீயே பேசிடேன். ஆண்டு விழாப் படுதா கீதே, அதுக்குப் பின்னால நின்னுக்கோ. நான் பட்டன அமுக்குவேன். அவரு சந்தோஷமாப் போனார்னா ஒனக்கும் எழுதிக் குடுத்துட்டுப் போவாரு."

டீச்சர் தயங்கினார். ஜனவரியை நினைத்திருப்பார். தலையாட்டினார்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் படுதா கட்டி, முன்னால் மேசைமேல் டேப்ரிக்கார்டரை வைத்தோம். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் டீச்சர் படுதாவுக்குப் பின்னால் போவதைப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எட்மண்ட் கடைசி வரிசையில் அமர்ந்தார்.

"இங்கிலீஷ் டீச்சர் எங்கே?"

"லீவு சார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான் வர்ற நாள் பார்த்தா?"

பட்டன் 'டக்' என்றது. படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் கிளம்பியது. "குட் மார்னிங், சில்ட்ரன். ரிப்பீட் ஆஃப்டர் மீ." அடடா, அப்படி ஒரு ஆங்கிலம்! பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். எட்மண்ட் சொக்கிப்போய் "மறுபடி போடுங்க" என்றார். ஹெட்மாஸ்டர் வேறொரு பட்டனை அமுக்க, டீச்சர் 'கிர்ர்ர்' என்று நாடா ஓடும் சத்தத்தையும் வாயாலேயே போட்டு, முதலிலிருந்து பேசினார். அதிகாரிக்குச் சந்தேகமே வரவில்லை. மெஷின் என்று சொல்லிவிட்டால் எதையும் நம்புகிற படிப்பு அது.

"வெள்ளைக்காரி வெள்ளைக்காரிதான். நம்ம டீச்சருங்க நாக்குல இது வருமா?" என்றபடி பேனாவைத் திறந்தார். "இவ்வளவு நல்ல மெஷின் இருக்கும்போது அந்த டெம்பரரி போஸ்ட் எதுக்கு சார்? டிசம்பரோட நிறுத்திடலாம்னு எழுதறேன்."

ஹெட்மாஸ்டர் அவசரமாக ஸ்டாப் பட்டனை அமுக்கினார். குரல் நிற்கவில்லை.

"ரிப்பீட் ஆஃப்டர் மீ. ஐ ஆம் நாட் ஆன் லீவ்."

"ஐ ஆம் நாட் ஆன் லீவ்" என்றார்கள் நாற்பத்திரண்டு பேரும்.

"ஐ ஆம் யுவர் டீச்சர்."

சொல்லிக்கொண்டே டீச்சர் படுதாவை விலக்கி வெளியே வந்தார். புடவையெல்லாம் தூசு. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் பிசகவில்லை. "இவ்வளவு நேரம் நீங்க பாராட்டினது என்னைத்தான் சார்."

எட்மண்ட் டீச்சரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்.

"அப்போ மெஷின் ஓடலையா?" என்று பதறினார்.

அறிக்கையில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். 'இயந்திரத்தை உடனே பழுதுபார்க்கவும்.' கையெழுத்துப் போட்டார். மேலே, டெம்பரரி போஸ்டை நிறுத்தலாம் என்று எழுதியிருந்த வரியை அவர் அடிக்கவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த நானும், அதை அடியுங்கள் சார் என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை.