கண்ணாடிச் சில்லில் ஓர் ஆறு

மழை இல்லாத மாதங்களில் அந்த ஆற்றில் ஓடுவது, ஊரே குளித்தும் துவைத்தும் கழுவியும் விட்ட தண்ணீர்தான். நகராட்சிக் கழிவுநீர் நிலையம் அதைச் சுத்தம் செய்து மதகைத் திறந்தால் ஆறு, மூடினால் மணல்.

அன்று மதகு மூடியிருந்தது.

பரிசோதனைக்கூடத்து அக்கா மைக்ரோஸ்கோப்பை விட்டுத் தலையை எடுக்கவில்லை. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பழுப்பு நீர். வழக்கமாக அதற்குள் சந்தைக் கூட்டம் இருக்கும். இன்று எதுவும் அசையவில்லை. காற்று ஊதும் தொட்டியில் இருந்துகொண்டு ஊரின் அழுக்கைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் செத்துக் கிடந்தன.

"என்னடா போட்டே?"

வாசலில் நின்ற ஃபிட்டர் அவளுடைய சொந்தத் தம்பி. "பெரிய அதிகாரிங்க பார்க்க வர்றாங்கன்னு சொன்னாங்கல்லக்கா. நாத்தம் தெரியக் கூடாதேன்னு சாக்கடை உள்ள வர்ற வாய்க்கால்ல கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர்..."

"கொஞ்சமா?"

"மூட்டையில மிச்சம் வைக்கல."

"விருந்தாளி வர்றான்னு வீட்டு ஆளுங்களுக்கே விஷம் வெச்சிருக்கே, மகராசா."

இன்ஜினியர் உள்ளே வந்தார். "பின்னால இருக்கற குட்டை நிரம்புற வரைக்கும்தான் சாக்கடையைப் பிடிச்சு வைக்கலாம். அப்புறம் அப்படியே ஆத்துல விட்டாகணும். பாலத்துக்குக் கீழ ஒரே ஒரு மடு மிச்சம் இருக்கு. மீனெல்லாம் அதுக்குள்ளதான் நெருக்கியடிச்சுக் கிடக்குது."

தம்பி லாரிச் சாவியை எடுத்தான். "பக்கத்து ஊர் நிலையத்துல கேட்டுப் பார்க்கறேன். தயிருக்கு உறை வாங்குற மாதிரிதானேக்கா?"

"வாங்கிட்டு வா. வழியில டீ குடிக்கிறேன்னு நின்னே, தோலை உரிச்சிடுவேன்."

டேங்கர் நிறைய, நுண்ணுயிர்கள் மொய்க்கும் பழுப்புக் கூழோடு திரும்பினான். தொட்டியில் ஊற்றினார்கள். காற்று இயந்திரங்கள் ஓயாமல் இரைந்தன. கூழுக்குப் பழக வேண்டுமே என்று குட்டைநீரைச் சிறிது சிறிதாக விட்டார்கள். அப்படியும் குட்டை ஏறிக்கொண்டே வந்தது. தினமும் அக்கா ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். தம்பி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முதுகு நிமிரவே இல்லை.

குட்டைநீர் கரையைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தபோது அவள், "டேய், இங்க வா," என்றாள். குரல் மாறியிருந்தது.

இத்தனை வருடம் வேலை பார்த்தும் அவன் அந்தக் குழாய்க்குள் கண் வைத்ததில்லை. முதலில் வெறும் ஒளி. பிறகு, நூலின் நுனியில் கண்ணாடியால் செய்தது போல் ஒரு மணி. நூல் சட்டென்று சுருண்டது. மணி ஒடுங்கியது. மெல்ல, மிக மெல்ல, நூல் நீண்டது. மணி வாய் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு கொத்து.

மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தவன் போல் கிசுகிசுத்தான்: "அக்கா, இதுங்களா ஆத்தைப் பண்ணுதுங்க?"

"வேற யாரு? நீயா?"

தெளிந்த நீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர், "நதிமூலம் பார்க்கக் கூடாதும்பாங்க. நாம தினமும் பார்க்கறோம்," என்று சிரித்தார்.

தம்பிதான் மதகுச் சக்கரத்தைச் சுற்றினான். தண்ணீர் மணலில் இறங்கி, முதலில் உறிஞ்சப்பட்டு, பிறகு நாக்கு நீட்டி நகர்ந்தது. மூவரும் கரையோரம் அதன் கூடவே நடந்தார்கள். அதை முந்திப் போக யாருக்கும் மனம் வரவில்லை. பாலத்தின் கீழ் அது மடுவைத் தொட்டதும், கலங்கிய நீருக்குள் அத்தனை மீன்களும் ஒரே சமயத்தில் அதை நோக்கி முகம் திருப்பின.

தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.