பேனா நின்ற இடங்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வறைக் கண்காணிப்பாளராகப் போய்வந்த என் நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டே சொன்னது. அவள் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். எனக்கு நான்கு நாளாக முதல் வரியே வரவில்லை.

'இருள் சூழ்ந்த உலகில் ஒரு மாணவி...'

(அடித்துவிட்டேன். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இருள் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அது கண்ணுள்ள என்னுடைய பயம்.)

2

ஆகவே இப்படி. சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சொல்பவள் பள்ளி இறுதித் தேர்வுக்கு வந்தவள். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் பெண் தாளில் எழுதுவாள். எழுதுபவளுக்குப் பார்வை உண்டு. இரண்டு வகுப்பு கீழே படிக்கிறாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், விடையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அது விதி. சுவரோரமாக என் நாத்தனார்.

இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்று ஒரு கேள்வி. சொல்பவள் மளமளவென்று சொன்னாள். பாதியில் பேனாச் சத்தம் நின்றது. தப்பாகச் சொல்கிறோம் போலிருக்கிறது. பாவம், இவள் வாய் திறக்க முடியாமல் நிறுத்துகிறாள் என்று நினைத்தாள். எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு வேறொன்று சொன்னாள். அடுத்த விடையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இதில் தேறினால்தான் கல்லூரி. நன்றாகத் தெரிந்த மூன்று விடைகள் ஒரு பேனாவின் மௌனத்துக்குப் பலியாயின.

3

(எழுதுபவளைப் பொறாமைக்காரியாக்கினால் கதை சூடுபிடிக்கும். ஆனால் நான் பார்த்தேயிராத பெண் மேல் பழி போட மனம் ஒப்பவில்லை.)

நான்காவது முறை நின்றபோது சொல்பவள் கேட்டே விட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்டே? தப்பா?"

நாத்தனார் தலை நிமிர்ந்தாள். எழுதுபவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? இந்தப் பாடமே எங்களுக்கு இன்னும் வரல. என் எழுத்து கோணலா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. என்னால உங்க மார்க் போயிடுமோன்னு கை நடுங்குது. அதான்..."

சொல்பவள் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அடிப்பாவி. உன் பேனாவைப் போய் வாத்தியார்னு நம்பிட்டேனே. அந்த மூணையும் முதல்ல சொன்ன மாதிரியே திரும்பச் சொல்றேன், எழுது."

"கோணலா வந்தா?"

"எனக்குக் கோணலும் நேரும் ஒண்ணுதான். திருத்துறவங்க கழுத்தைச் சாய்ச்சுப் படிக்கட்டும்."

பேசியதற்கு அதட்டியிருக்க வேண்டிய நாத்தனார், கூடுதல் தாள் ஒன்றை மேசையில் வைத்து, இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, நிதானமாக எழுதுங்கள் என்றாளாம். கடவுள் அன்று கூடுதல் தாளாக வந்தார் என்று எழுத ஆசை. (நாத்தனார் திட்டுவாள்.)

4

முதல் மதிப்பெண் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். இரண்டு மதிப்பெண்ணில் தவறினாள் என்று இன்னொன்று. நடந்தது எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: அதற்குப் பிறகும் பேனா இரண்டு முறை நின்றதாம், கையை உதறிக்கொள்ள. சொல்பவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. காத்திருந்தாள்.

மீதியை நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். நடுவில் என் பேனா நின்றால், நீங்கள் சொன்னது தப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.