மே மாதத்துப் பள்ளம்

போடியில் யார் என்னிடம் என்ன வேலை என்று கேட்டாலும் "மலையைப் பாக்குறேன்" என்றுதான் சொல்வேன். பொய்யில்லை. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த மலையைப் படம் பிடிக்கிறது. எங்கே பசுமை கூடியது, எங்கே குறைந்தது என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகமான இடத்துக்கு நேரில் போய் நின்று சரிபார்க்க வேண்டும். ஒரு மாடியறை, ஒரு கணினி, நான். ராசிங்காபுரத்திலிருந்து அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்வான். முப்பத்தாறு வயதில் தனியாக இருக்கிற தங்கச்சியிடம் கேட்க அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அதனால் பல வாரம் நான் எடுப்பதில்லை.

போன வருஷம் மார்ச்சில் ஓர் இடம் கண்ணில் பட்டது. போடிமெட்டுக்கு அப்பால், ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு ஏக்கர். ஓர் இடத்தின் பசுமை ஏறி இறங்குவதை வருஷக்கணக்கில் கோடாக வரைந்து பார்க்கலாம். இந்த இடத்துக் கோட்டில் மழைக்கு முன்னால், பெரும்பாலும் மே மாதத்தில், வருஷம் தவறாமல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. 2019இல் அந்தப் பள்ளம் பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பள்ளமே கிடையாது. பசுமை ஏறிக்கொண்டே போனது.

எனக்கு வேலை தருகிற சென்னை அலுவலகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'காடு திரும்பியிருக்கிறது, நேரில் பார்த்து உறுதி செய்தால் அடர் காடு என்று பட்டியலில் சேர்த்துவிடலாம்' என்று எழுதினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பச்சையாக இருந்தால் நல்லது என்று நினைக்கிற அடிவாரத்துக்காரிதானே நானும்.

மறுநாள் விடிந்ததும், ஜீப் ஓட்டுகிற பால்ராஜ் அண்ணனின் வண்டியில், தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு நெருக்கியடித்து மேலே போனேன். இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தேன். புள்ளி வந்துவிட்டது என்று போன் காட்டிய இடத்தில் ஒரு நாய் குரைத்தது. மரங்களுக்கு ஊடே தகரக் கூரை தெரிந்தது. கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"யாரு ஆத்தா? வழி தப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஓர் அம்மாள் வெளியே வந்தாள். அறுபது வயதிருக்கும்.

"இல்ல பெரியம்மா. இந்த எடத்தத்தான் பாக்க வந்தேன்."

"இந்த எடத்தையா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு வருசமா ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இரு, சாயா போடுறேன்."

அவள் பெயர் மொக்கம்மாள். பேச ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்ததிலிருந்து அவள் வாய் மூடவில்லை. நான் ஏலச் செடிகளைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு இலை மட்டும் தழைத்திருந்தது. செடியின் அடியிலிருந்து தரையில் ஓடுகிற பூச்சரத்தில் தேடிப் பார்த்தும் காய்களைக் காணவில்லை.

"காய் எப்புடிப் புடிக்கும்? வெயிலே எறங்கலயே," என்றாள். "வருசா வருசம் மழைக்கு முன்னாடி நெழல் மரத்துல ஏறிக் கொம்பக் கழிக்கணும். கவாத்து பண்ணாத தோட்டம் ஒரு தோட்டமா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பள்ளம் என்னவென்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"யாரு கவாத்து பண்ணுனது?"

"எங்க வீட்டுக்காருதான், சீனிச்சாமி. வேற ஆள மரத்துல ஏற விட மாட்டாரு." கூரைக்குப் பின்னால் நின்ற சந்தன வேம்பைக் கையால் காட்டினாள். "அதுல ஏறுனப்பத்தான் கை நழுவிருச்சு. விழுந்ததோட போயிட்டாரு. பாதித் தோட்டம் முடிச்சிருந்தாரு. அன்னைக்கு அருவாளத் தூக்கி உள்ள வச்சேன். ஒருத்தரையும் ஏற விடல."

நான் வந்த காரியத்தையும் கோட்டில் விழுந்த பள்ளத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் இது காடு. காடு என்று பட்டியலில் ஏறினால், அடுத்த வருஷம் முடிகிற குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள். இடமும் போகும், வீடும் போகும்.

"காடா? அப்ப நான் என்ன கரடியா?"

"நான் தோட்டம்னு எழுதுனாலும் படம் ஒத்து வரணும் பெரியம்மா. ஜூன்ல ஒரு தடவ பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாக. அதுக்குள்ள கவாத்து பண்ணிருங்க."

"அத மட்டும் சொல்லாத." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டே, "என்னமோ பள்ளம்னியே, அதக் காட்டு," என்றாள்.

போனில் வைத்திருந்த கோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பள்ளமாக விரலை வைத்து வருஷத்தைச் சொன்னேன். 2017க்கு வந்ததும் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது ஏன் தள்ளி இருக்கு?"

"அந்த வருசம் மட்டும் ஜூன் கடைசி."

"ஆமா. காய்ச்சல்ல கெடந்தாரு. ஆனி பொறந்துதான் மரம் ஏறுனாரு." போனை என்னிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவரு மரத்துல நிக்கிற மாதிரி எங்கிட்ட ஒரு போட்டோ கெடையாது ஆத்தா. இது மேலருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கு."

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அழவில்லை. பாதியில் நின்ற அந்தக் கடைசிப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது 'ஜூன் வரை முடிவு இல்லை' என்று படிவத்தில் எழுதினேன். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. அவள் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் அந்தச் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழியில்லை.

ஏப்ரல் முழுக்கப் படம் வரும், மாற்றம் இருக்காது. மே பிறந்தது. படம் வரும், மேகம் மறைத்திருக்கும். எனக்கு என்னைப் பார்த்தே எரிச்சல். ஒரு பெண்பிள்ளை உயிரோடு இருக்கிறாளா, என்ன முடிவெடுத்தாள் என்று ஆகாயத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு பிழைப்பா?

மே கடைசியில் ஒரு படம் தெளிவாக வந்தது. இரண்டு ஏக்கரும் வெளிறியிருந்தது. கோட்டில் பள்ளம். கை தட்டிவிட்டேன். அறையில் என்னைத் தவிர ஆளில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஒரே ஒரு கட்டம் மட்டும் பழையபடி கரும்பச்சையாக இருந்தது. தகரக் கூரைக்குப் பின்னால்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்ராஜ் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆமாம்மா, சிலமலையிலருந்து மரம் ஏறுற காசிமாயன நான்தான் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா எல்லா மரத்துலயும் ஏறச் சொல்லிருச்சாம். ஒரு மரத்தடியில மட்டும் அதுவே சாக்க விரிச்சு உக்காந்துக்கிருச்சாம். வேல முடியிற வரைக்கும் எந்திரிக்கவே இல்லையாம்."

மாடியறைக்குத் திரும்பி வந்து படிவத்தை எடுத்து 'நிழல் மரத் தோட்டம், ஆள் குடியிருப்பு உண்டு' என்று நிரப்பி அனுப்பினேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு கட்டம் மட்டும் மாறாமல் இருக்கிறதே, பிழையாக இருக்கும், நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

'பிழை இல்லை. நேரில் பார்த்த இடம். அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினேன்.

அதற்கப்புறமும் அந்தக் கட்டத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ராசிங்காபுரத்திலிருந்து அண்ணன். அன்றைக்கு எடுத்தேன்.