சஷ்டிக்கு ஒரு சிவப்பு உருண்டை

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முட்டை கொடுத்தேன், கிழங்கு அவித்துக் கொடுத்தேன், ஆட்டெலும்பை ஒரு பகல் முழுக்க வேகவைத்து ரசமாக ஊற்றினேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் போனது. மனுஷன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முந்தின நாள் இருந்த மாதிரியே ஒல்லியாக நிற்பார்.

இது அறுபத்து நாலாம் வருஷம். தாராவியில் ஒரு தகரப் பட்டறையில் அவருக்குத் தினக்கூலி. அம்பர்நாத்தில் ஒரு பெரிய கம்பெனியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டார். கடிதம் வந்தது, இன்டர்வியூவும் முடிந்தது, கடைசியில் கம்பெனி டாக்டர் தராசில் ஏற்றினார். நாற்பத்தைந்தரை கிலோ. நாற்பத்தெட்டு இல்லாத ஆளை மிஷினில் நிறுத்த மாட்டார்களாம். நவம்பர் பத்தாம் தேதி இன்னொரு தடவை பார்ப்போம், அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வேலையோடு ஒரு அறை தருவார்கள். அந்த அறைக்குள்ளேயே குழாய் இருக்கிறது. விடியுமுன் குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போட்டவளுக்குத்தான் அந்தக் குழாயின் அருமை தெரியும். ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ. அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அவர் பெயரை நான் சொல்வதில்லை. பக்கத்து அறை நாகூர் மீரான் அண்ணன் சொல்வார். அண்ணனுக்குத் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை.

"வானமாமலை, பேசாம அரணாக்கயித்துல நாலு இரும்பு நட்டைக் கட்டிக்கிட்டுப் போயிரு. வஜன் பராபர் ஆயிரும்" என்றார் ஒருநாள். வஜன் என்றால் இந்தியில் எடை.

"ஜட்டியோடதான் நிறுத்துதான் அண்ணே" என்றார் இவர், நிஜமாகவே யோசித்துப் பார்த்தவர் மாதிரி.

அடுத்த நாள் அண்ணன் இரண்டு சிவப்பு உருண்டைகளைக் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தார். ஒவ்வொன்றும் சின்னப் பறங்கிக்காய் அளவு, மேலெல்லாம் மெழுகு. டச்சுக் கப்பலின் சமையல்காரர் கொடுத்தாராம்.

"சீஸ் தங்கச்சி. பத்துப் படி பாலைச் சுருக்கினா இது ஒரு படி நிக்கும்னு அந்த ஆளு சொல்லுதான். கப்பல்காரனுக எல்லாம் மலை மாதிரி இருக்கானுகள்லா, எல்லாம் இதான். எலும்புக்கும் பெலம், சதையும் போடும்."

அரிவாள்மணையில் வைத்து வெட்டினேன். உள்ளே மஞ்சளாக, அவித்த பனங்கிழங்கு போலக் கெட்டியாக இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் உப்புத் தெரிந்தது, மெல்ல மெல்லப் பால் வந்தது, விழுங்கிய பிறகு வறுத்த நிலக்கடலையின் ருசி நாக்கிலேயே தங்கிவிட்டது. அப்படி ஒன்றை நான் அதுவரை தின்றதில்லை. இன்னொரு துண்டுக்குக் கை தானாகப் போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். நான் தின்கிற ஒவ்வொரு துண்டும் அவர் எடையில் குறையுமே.

"எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சோப்பு வாடை அடிக்கி. எனக்கு வேண்டாம்பா, நீங்களே தின்னுங்க" என்றேன்.

வாய் கூசாமல் பொய் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் அறையில் தினமும் விருந்துதான். தேங்காய்த் துருவியில் அதைத் துருவி, சுடுசோற்றில் மிளகுப் பொடியோடு பிசைந்து கொடுத்தேன். தோசை கல்லில் இருக்கும்போதே மேலே தூவினால் அது உருகி, ஓரத்தில் வழிந்து பொன்னிறமாக முறுகும். அந்த முறுகலுக்காகவே அவர் ஐந்தாவது தோசை கேட்டார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் ஐந்தாவது தோசை கேட்டு நான் பார்த்ததில்லை. பழைய சோற்றுக்கு வெங்காயம் கடிப்பது போல ஒரு கடி சீஸ், ஒரு கடி பச்சை மிளகாய் என்று சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குச் சீட்டியடித்துக்கொண்டு போனார். சீஸை வெட்டிய பக்கத்தில் நல்லெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினேன். உரித்த சிவப்புத் தோலில் ஒட்டியிருக்கிறதை மட்டும், அவர் போன பிறகு முன்பல்லால் சுரண்டித் தின்பேன். தோலைக் குப்பையில் போட்டுவிடுவேன்.

குர்லா ஸ்டேஷனில் காசு போட்டால் எடைச் சீட்டு தருகிற மிஷின் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் ஏறி நின்றோம். நாற்பத்தாறு. அடுத்த வாரம் நாற்பத்தாறரை. அதற்கடுத்த வாரம் நாற்பத்தேழு. சீட்டை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் காலண்டரைப் புரட்டியபோதுதான் என் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. கம்பெனியிலிருந்து முதல் கடிதம் வந்த அன்று நான் திருச்செந்தூர் முருகனிடம் வேண்டியிருந்தேன். இந்த வேலை கிடைக்க வேண்டும், அதற்காக இந்த வருஷக் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் நாங்கள் இரண்டு பேரும் பாலும் பழமும் மட்டுமே சாப்பிட்டு விரதம் இருக்கிறோம் என்று. சஷ்டி நவம்பர் ஐந்தாம் தேதி ஆரம்பிக்கிறது. சூரசம்ஹாரம் பத்தாம் தேதி. டாக்டர் சொன்ன அதே பத்தாம் தேதி. எடை ஏற வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருக்கிற மனுஷனை ஆறு நாள் பட்டினி போட, நானே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவருக்குக் கத்தத் தெரியாது.

"நேந்தது நேந்ததுதானட்டி. முருகன்ட்ட போயி வஜன் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா" என்றார்.

எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. அவர்மேல் அல்ல, என் வாய்மேல். பானையிலிருந்த உருண்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் படி பால் என்று அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பால்தானே இதுவும்?

"ஒரு மாசம் நோம்பு பிடிக்கிறவன்தான் நானு. ஆனா ஒங்க நோம்புக்கு நான் எப்படிம்மா சட்டம் சொல்லுவேன்? ஒங்க ஆளுககிட்ட கேளு" என்றார் நாகூர் மீரான் அண்ணன்.

எங்கள் ஆள் என்றால் பிரம்மநாயகம்தான். கோயிலடியில் பூக்கடை. சஷ்டி பஜனைக்கு அவர்தான் தலைமை. விரதத்தில் ஒரு கடுகு தாளித்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள். ஒரு துண்டை வாழையிலையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்புக் கரிக்கே" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது.

"ஆமா அண்ணாச்சி."

"நேரும்போது என்ன சொன்ன? வார்த்தை மாறாமச் சொல்லு."

"பாலும் பழமும் மட்டும்னு சொன்னேன்."

"உப்பில்லாமன்னு சொன்னியா?"

"சொல்லலயே."

"அப்போ உப்பைப் பத்தி முருகனுக்கும் ஒனக்கும் பேச்சே இல்ல. மத்தபடி இது பால்தான். கெட்டியான பாலு. இன்னொரு துண்டு குடு, உறுதியாச் சொல்லிருதேன்."

மூன்று துண்டு தின்றுவிட்டுத்தான் உறுதியாகச் சொன்னார்.

ஆறு நாளும் வீட்டுக்காரருக்குக் காலையில் பால், வாழைப்பழம், சீஸ். மத்தியானம் சீஸ், வாழைப்பழம். சாயங்காலம் அதே வரிசையைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பாலும் பழமும். நாலாம் நாள் குழாயடியில் தலை சுற்றிக் குடத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

"நீயும் ரெண்டு துண்டு தின்னேன்" என்றார்.

"சோப்பு வாடைன்னு சொன்னேம்லா" என்று எரிந்து விழுந்தேன்.

பத்தாம் தேதி காலையில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டை, ஒரு கைப்பிடி அளவு இருக்கும், துணியில் முடிந்துகொண்டு நானும் கூடக் கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாற வேண்டும். மிஷினில் ஏறினார். நாற்பத்தேழரை. அரை கிலோ குறைகிறது. துணியை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன்.

"தின்னுங்க. முழுசையும் தின்னுட்டு வயிறு முட்டத் தண்ணியக் குடிங்க."

அவர் தின்னவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சிவப்பு மெழுகுத் தோலை எடுத்தார். அதில் வரிசையாகப் பல் தடம். நடுவில் ஒரு இடைவெளி. என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து ஊருக்கே தெரியும்.

"மொத வாரமே குப்பையில பாத்துட்டேன்" என்றார். "சோப்ப யாராவது இப்படிச் சுரண்டித் திம்பாளா, கோமதி?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் துண்டைச் சரிபாதியாக உடைத்தார்.

"நீ தின்னாத்தான் நான் திம்பேன்."

"வெளயாடாதீய. அரை கிலோ வேணும். வேல போயிரும்."

"போனாப் போட்டும்."

அம்பர்நாத் வண்டி வருகிற சத்தம் கேட்டது. இந்த மனுஷன் கத்த மாட்டார், ஆனால் அசையவும் மாட்டார். கோபத்தோடு வாங்கி வாயில் போட்டேன். ஆறு நாள் பட்டினி கிடந்த நாக்கில் அந்தக் கடலை ருசி இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே நின்று மென்றுகொண்டே அழுதேன், சிரிக்கவும் செய்தேன். அவரும் தின்றார். தின்றுவிட்டுப் பிளாட்பாரக் குழாயில் வாய் வைத்து, நான் போதும் என்கிறவரை தண்ணீர் குடித்தார்.

கம்பெனி வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். வெளியே வந்தவர் நேராகச் சுவரோரம் ஓடினார். குடித்த தண்ணீரை இறக்கிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"நாப்பத்தெட்டு. முள்ளு அதுக்கு மேல ஒரு நூலு கூட ஏறல."

மறுநாள் நான் பாயசம் வைத்து விரதத்தை முடித்தேன். நாகூர் மீரான் அண்ணனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். அண்ணன் குடித்துவிட்டு, "வஜன்தான் வந்தாச்சே, இனிமே சீஸ் வேண்டாம்லா?" என்று கேட்டார்.

"வேணும் அண்ணே," என்றேன். "எனக்கு."