அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு கழிப்பறை

சொந்த அக்கா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே பொதுக் கழிப்பறை கட்ட எந்தத் தம்பிக்காவது மனசு வருமா? நம் இஞ்சினியருக்கு வந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட அக்கா! அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தனக்கு வந்த வரனைக்கூட, "தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டவள். பிற்பாடு கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டி இல்லாமலே அத்தானையும் பறிகொடுத்துவிட்டு, கடலைப் பார்த்த அந்தச் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்த வாசலுக்கு எதிரேதான் கழிப்பறை. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது அல்லவா?

ஆனால் அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடற்கரையைச் சீர்படுத்தும் வேலை நகராட்சிக்கு வந்திருந்தது. இடிந்து கிடந்த கரைச்சுவரை எடுத்துக் கட்டுவது, அதை ஒட்டி நடைபாதை, விளக்குக் கம்பங்கள், உட்கார பெஞ்சுகள், எல்லாவற்றுக்கும் அடியில் புதிய கழிவுநீர்க் குழாய். படகுத்துறை ஏலக்கூடத்துக்கு மீன் எடுக்க வரும் பெண்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். அங்கே கழிப்பறை என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. கதவும் கூரையும் போய், உள்ளே யாரோ பழைய வலையைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே அவசரம் என்றால் அக்கா வீடுதான். அத்தான் இருந்த காலத்தில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்ட, அக்கா கொல்லைப்பக்கம் காட்டினாள். அன்று திறந்த கதவு திறந்ததுதான். பொழுது விடிந்தால் கொல்லையில் வரிசை. "என் வீடென்ன சத்திரமாடி? தண்ணி என்ன உங்கப்பனா வந்து ஊத்துறான்?" என்று கத்திக்கொண்டேதான் தினமும் தொட்டியை நிரப்பி வைப்பாள்.

பாவம் அக்கா, இந்தத் தொல்லையிலிருந்து முதலில் அவளை விடுவிக்க வேண்டும் என்றுதான் இஞ்சினியர் அந்த இடத்தைக் குறித்தான். குழாயின் சரிவும் அங்கேதான் வாட்டமாக அமைந்தது. ஒரு கையில் இனிப்புப் பொட்டலம், ஒரு கையில் சுருட்டிய வரைபடம், முகமெல்லாம் பல்லாக அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னடா என் வாசலுக்கு எதிர்ல பொட்டி மாதிரி?"

"கழிப்பறைக்கா. ஏலத்துக்கு வர்ற பொம்பளைங்களுக்கு. இனிமே ஒருத்தியும் உன் கதவத் தட்ட மாட்டா. நீ நிம்மதியா தூங்கலாம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஒரு கணம்தான். அடுத்த கணம் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல வேற எடமே கெடைக்கலியாடா உனக்கு? காத்தடிச்சா நாத்தம் நேரா என் அடுப்புல வந்து விழும். உன்ன வளத்து ஆளாக்குனதுக்கு நல்லா செஞ்சடா தம்பி, ரொம்ப நல்லா செஞ்ச!"

இனிப்புப் பொட்டலத்தை அவன் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டாள்.

இந்த இஞ்சினியர்கள் ஒரு தினுசு. எதிரில் ஒரு மனுஷி அழுதால்கூட எங்கே ஒழுகுகிறது என்றுதான் பார்ப்பார்கள். நாற்றம் என்றாளா, வரைபடத்தில் காற்றுக் குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தினான். பார்க்க அசிங்கம் என்றாளா, வாசலை அந்தப் பக்கம் திருப்பி, முன்னால் ஒரு தடுப்புச் சுவர் போட்டு, சுவரில் கொடி படர விடுவதாகச் சொன்னான். ஈ மொய்க்கும் என்றதற்கு சன்னலுக்கெல்லாம் வலை. குறைகள் ஒவ்வொன்றாகத் தீரத் தீர அக்காவின் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. வாசலில் போய் நின்றால் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கும்.

இஞ்சினியருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் பிசைந்துகொண்டே இருந்தவனைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"நாத்தம் நாத்தம்ங்கறாங்களே, எனக்கு ஒண்ணு புரியல. நாத்தம் ஆகாதுன்னா அண்ணி இத்தன வருஷம் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்துல எப்படிக் குடியிருந்தாங்க?"

இஞ்சினியர் பிசைவதை நிறுத்தினான். அட, ஆமாம்!

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே அக்கா வீட்டுக் கொல்லைக் கதவருகே போய் நின்றான். பெண்கள் வருவார்கள், போவார்கள் என்று அவனுக்குத் தெரியும். வந்து என்ன செய்வார்கள் என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் வரிசையிலா நின்றார்கள்? ஒருத்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கிய சீப்பு கை மாறிக்கொண்டே இருந்தது. மீன் முள் கிழித்த விரல் ஒன்றுக்கு அக்கா மருந்து தடவினாள். வயிற்றுப் பிள்ளைக்காரியான ஒரு சின்னவளைப் பிடித்து உட்கார வைத்து, சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள்.

"புருஷன் அடிச்சா திருப்பி அடிக்கத் தெரியாது, இங்க வந்து மூக்கச் சிந்தத் தெரியும்!" என்று கல்லில் இருந்தவளுக்கு ஒரு குட்டு வைத்தாள்.

"அக்கா, நீ வந்து ஒரு அற விட்டுட்டுப் போயேன்!" என்றாள் குட்டு வாங்கிய சைரன். பெயர் வேறு ஏதோ. அவள் வாயைத் திறந்தால் படகுத்துறையின் அந்தக் கோடிக்குக் கேட்கும் என்பதால் ஊரே வைத்த பெயர் அது. கொல்லை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அத்தான் போனபின் அக்கா இப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

ஏலக்கூட மணி அடித்தது. கூடைகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். சீப்பு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். தம்பி நின்றான்.

"எப்படா வந்த?"

"அக்கா, வேணாம்கா. அந்தக் கட்டடத்த அந்தாண்ட தள்ளிடறேன். இன்னும் குழா பதிக்கல."

"எந்தாண்ட தள்ளுனாலும் அப்புறம் இங்க எதுக்குடா வருவாளுங்க? மக்கு." அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "நாத்தம்னு சொன்னதெல்லாம் சும்மா. வேற என்னத்தச் சொல்றது? இவளுங்க வரலன்னா எனக்கு நாள் பூரா பேச்சுக்கு ஆள் இல்லடான்னா சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

ஊருக்கெல்லாம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே!

"அப்ப கட்டவே வேணாம்கா. விட்டுடறேன்."

"அறஞ்சேன்னா பாரு!" அக்கா எழுந்தே விட்டாள். "வயித்துப் புள்ளைக்காரி அவ, கால மாத்தி மாத்தி எவ்வளவு நேரம் நின்னா, பாத்தியா இல்லியா? எனக்குப் பேச்சுத்துணை வேணும்னு அவளுங்க அடக்கிக்கிட்டு நிக்கணுமா? கட்டு. நல்லா கட்டு. தண்ணி நிக்காம வரணும். தாழ்ப்பா ஒழுங்கா விழணும். இங்க அது விழாமத்தான் ஒவ்வொருத்தியும் உள்ள உக்காந்து பாட்டு பாடிக்கிட்டு இருக்கா."

கட்டினான். ஊரில் இவன் கட்டிய எதையும் விட நன்றாகவே கட்டினான். தாழ்ப்பாளை மட்டும் கடைக்குப் போய்த் தானே பார்த்து வாங்கி வந்தான். கரைச்சுவர் எழும்பியது, நடைபாதை நீண்டது, விளக்குகள் எரிந்தன. ஒரு சாயங்காலம் நகராட்சித் தலைவர் வந்து நாடா வெட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்.

நிஜத் திறப்பு விழா மறுநாள் விடியலில்தானே! இஞ்சினியர் முன்னதாகவே வந்துவிட்டான். அக்கா ஏற்கெனவே பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் எட்டிப் பார்த்தான். தொட்டி வழிய வழிய நிரம்பியிருந்தது.

"எதுக்குக்கா ரொப்பி வச்சிருக்க?"

"கைப்பழக்கம்டா. செடிக்கு ஊத்திக்கறேன், விடு."

பெண்கள் வந்தார்கள். நேரே புதுக் கட்டடத்துக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சைரன் அலறினாள்: "ஏ! தாழ்ப்பா விழுதுடீ!" எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அக்காவும் சிரித்தாள். அப்புறம் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இஞ்சினியர் நடுத்தெருவில் நின்றான். அந்தப் பக்கம் அவன் கட்டடம், இந்தப் பக்கம் அவன் அக்கா. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஜென்மத்தில் இப்படி ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டு யாரும் இப்படி நொந்து நின்றிருக்க மாட்டார்கள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். சைரன் ஏலக்கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. தெருவைக் கடந்து வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும்.

இஞ்சினியர் குறுக்கே போய் நின்றான். "என்னம்மா, தண்ணி வரலியா? விளக்கு எரியலியா?"

"எல்லாம் ஜோரா இருக்கு சார். சீப்புதான் இல்ல."

"சீப்பா?"

"தலை வாராம ஏலத்துல போய் நின்னா எவன் மதிப்பான்?" அவனைத் தாண்டிப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். "அக்கோவ்! சீப்பு!"

தட்டிய கை இறங்கும் முன்பே கதவு திறந்தது. அக்கா கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றிருக்கிறாள்.

"அரமண மாதிரி கட்டிக் குடுத்தும் என் வாசல்தானாடி உங்களுக்கு? ஒரு சீப்பு வாங்க வக்கில்ல, பேச்சப் பாரு! கால கழுவிட்டு..." என்றவள் கதவை அகலத் திறந்துவிட்டாள். "கழுவிட்டு வாங்கடி."

நாளைக்கே உள்ளே ஒரு சீப்பு மாட்டச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல இஞ்சினியர் வாயைத் திறந்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. சைரனின் கொண்டையில் அவளுடைய சீப்பே செருகியிருந்தது. பின்னால் நின்றவளின் பை வாயில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் தன்னுடையதை அவசர அவசரமாக இடுப்பில் மறைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அக்காவும் பார்த்தாள். கொண்டையிலிருந்த சீப்பை உருவி, சைரனின் பைக்குள்ளேயே போட்டாள். கொல்லைக்குப் போய்க் கயிற்றிலிருந்து தன் சீப்பை அவிழ்த்து எடுத்து வந்தாள்.

"திரும்பி உக்காரு," என்றாள்.