எல்லாம் இடது கால்

செருப்புக் கம்பெனி முதலாளி சென்னையிலிருந்து வரவழைத்த ஆலோசகர் சொன்னதைப் பொய்யென்று தள்ள முடியவில்லை. அதுதான் வஜீதாவுக்கு வயிற்றெரிச்சல். "இங்க ஒருத்தருக்கும் முழுச் செருப்பு செய்யத் தெரியாது சார். ஆளுக்கு ஒரு வேலை. இவங்களை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது." உண்மைதானே! வஜீதா இத்தனை வருஷமும் தோலின் ஓரம் மடித்தவள். பக்கத்து சீட்டு சம்பூர்ணம் தையல். அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான், ஆர்டர் நின்றது, ஆம்பூர் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

அதற்காகச் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கி, அவரவருக்குத் தெரிந்த வேலையை வீடியோ எடுத்துப் போட்டார்கள். பக்கத்து ஊரான பேர்ணாம்பட்டில் வேலை போன பெண்களும் சேர்ந்தார்கள். காவேரிப்பாக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளுக்குச் செருப்பு கேட்டது. நன்றாக இருந்தால் வருஷா வருஷம் ஆர்டர் உண்டாம். ஒவ்வொரு அளவிலும் ஆம்பூரில் பாதி, பேர்ணாம்பட்டில் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். தோல் ஒன்று, அதன்மேல் வைத்து வரைந்து வெட்டும் அட்டையும் ஒரே மாதிரி.

இது பிழைத்தால்தான் வஜீதா பிழைப்பாள். இல்லையென்றால் திங்கட்கிழமை சாயந்தரம் ஏஜென்ட் வேனில் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போகவேண்டும். நாலாவது படிக்கும் மகள் உமைமாவை நாத்தனார் வீட்டில் விடவேண்டும். விஷயம் தெரிந்ததிலிருந்து பிள்ளை தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து ஜோடி சேர்க்க உட்கார்ந்தார்கள். சம்பூர்ணம் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், பிறகு குவியலையே புரட்டிப் போட்டாள்.

"அடக் கடவுளே! எல்லாம் எடது காலுடி!"

கம்பெனியில் அட்டையைத் திருப்பிப் போட்டு மறுகாலுக்கு வெட்டுவது கட்டிங் ஹால் ஆண்களின் வேலை. இவர்களில் ஒருத்தியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வந்ததை வாங்கி, தன் வேலையை முடித்து, அடுத்தவளிடம் தள்ளிவிட்டார்கள் மகராசிகள்.

"குரூப்ல மட்டும் சொல்லிடாத. அந்த சென்னை ஆளு சொன்ன மாதிரியே ஆயிடுச்சு, மானம் போயிடும்" என்றாள் சம்பூர்ணம்.

"போனா போவட்டும்க்கா. மறைச்சு வெச்சா எம்பொண்ணைத்தான் விட்டுட்டுப் போவணும்."

வஜீதா போனை வாயருகே வைத்தாள். "நாங்க தப்பு பண்ணிட்டோம். எல்லாம் எடது கால். தோலும் தீந்துபோச்சு. இன்னா பண்றதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

போனைக் கீழே வைத்துவிட்டு மிச்சத் தோல்துண்டுகளைப் பொறுக்கினாள். அப்புறம் போன் அடித்தது. பேர்ணாம்பட்டு முபஷ்ஷிரா. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"வஜீதாக்கா, எங்களுக்கு எல்லாம் வலது கால்! காலைலேர்ந்து வெளிய சொல்ல வெக்கப்பட்டு உக்காந்திருக்கோம்!"

"அது எப்படிடி?"

"நல்ல பக்கத்துல பேனாக் கறை படக்கூடாதுன்னு தோலைக் குப்புறப் போட்டு வரைஞ்சோம்க்கா."

தோலைத் திருப்பியதில் காலும் மாறிவிட்டது! சம்பூர்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வஜீதா இடது கால்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினாள். சாயந்தர பஸ்ஸில் மூட்டைகளோடு முபஷ்ஷிரா வந்து இறங்கினாள். இடதும் வலதும் அச்சாகப் பொருந்தின.

திங்கட்கிழமை காலையில் காவேரிப்பாக்கத்தில் தலைமையாசிரியை ஒரு பெண்ணுக்கு மாட்டி நடக்கவிட்டுப் பார்த்தார். அடுத்த வருஷத்துக்கும் நீங்களே கொடுங்கள் என்றார்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளுக்கு வீட்டில் சாப்பாடு போடும்போது ஏஜென்ட் கூப்பிட்டான்.

"என் சீட்டை வேற யாருக்காச்சும் குடுங்கண்ணே. நான் வரல" என்றாள் வஜீதா.

உமைமா வழித்த தட்டை நீட்டினாள். "அம்மி, இன்னும் கொஞ்சம் சோறு."