ஞாயிற்றுக்கிழமைக் குழாய்

ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே ப்ரோஃபிரா முன்வரிசையில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த வாதுமை ரொட்டியைத் துண்டு போட ஆரம்பித்துவிட்டாள். பண்டிகை விடுப்பில் இத்தாலியிலிருந்து முந்தாநாள்தான் வேன் ஏறி வந்து இறங்கியிருந்தாள். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு நடிங்க. பசியோட நடிச்சா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

"அம்மா, இது தியேட்டர். கல்யாண வீடு இல்ல" என்றாள் ஸ்மராண்டா, வயலின் வில்லில் பிசின் தேய்த்தபடி.

"கல்யாணம்தான் பண்ணிக்க மாட்டேங்கிறியே, ரொட்டியை நான் எங்கதான் குடுக்கிறது?"

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்மராண்டாவும் சிரித்தாள். ஆனால் விரல்கள் சில்லிட்டிருந்தன. நாடகத்தை எழுதியவள் அவள். மேடையோரம் நின்று அதற்கு வயலின் வாசிப்பவளும் அவளே. நாடகம் முழுக்க முழுக்க அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்புகள். ஸ்மராண்டாவுக்குப் பதினோரு வயதானபோது அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, இத்தாலியில் ப்ரேஷா நகரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போன அம்மா. வாரம் முழுக்கப் பழகிய பாட்டை மகள் போனில் வயலின் வாசித்துக் காட்டும்போதெல்லாம் மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டும், தட்டுகள் மோதும். அப்புறம் ஒரே கேள்வி, சாப்பிட்டாயா என்று. தலைநகர் புக்காரெஸ்டில் அந்தக் காட்சியை வெறும் எழுத்தாகப் படித்துக் காட்டியபோது அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பரிசும் பெயரும் வந்தன. நாளை முதன்முறையாக மேடையில், அதுவும் சொந்த ஊரான பகாவுவில். நேற்று அடுப்படியில் நின்று ஸ்மராண்டா அம்மாவிடம் சொல்லியிருந்தாள்: "பாத்துட்டு வேணாம்னு சொல்லும்மா. நான் போடமாட்டேன்." மனதாரத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

காட்சி தொடங்கியது. ஸ்மராண்டா வாசித்தாள். அம்மாவாக நடித்த ஒட்டிலியா குழாயைத் திறந்துவிட்டு, தட்டுகளை உருட்டிக்கொண்டே தண்ணீருக்கு மேலாகக் கத்தினாள்: "நல்லாருக்கு, நல்லாருக்கு. சாப்டியா?" விளக்குக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். ப்ரோஃபிராவின் கத்தி ரொட்டியின் பாதியில் நின்றிருந்தது. அவள் மடியிலிருந்த துகள்களை உதறிவிட்டு எழுந்தாள். வீங்கிய காலோடு படியேறி மேடைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று ஸ்மராண்டா நினைத்தாள். வில் தானாகக் கீழே இறங்கியது.

ப்ரோஃபிரா மகளைப் பார்க்கவில்லை. நேராக ஒட்டிலியாவிடம் போனாள்.

"தப்பாப் பண்றம்மா நீ. தட்டெல்லாம் முன்னாடியே கழுவி வெச்சிருப்பேன்."

"அப்போ குழாய் எதுக்குக்கா?"

"இவ வாசிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் திறக்காத. ஆரம்பிச்சதும் திற, முழுசா." தொலைபேசியை வாங்கி இடது தோளில் இடுக்கிக்கொண்டு குழாயைத் திறந்தாள். "ஒரு கையால சும்மா ஒரு தட்டைத் தட்டிக்கிட்டே இரு." பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மற்றக் கையால் சட்டை நுனியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள்கள் இரண்டு முறை ஏறி இறங்கின. குழாயை மூடிவிட்டுத் திரும்பியபோது முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. "மூச்சு சரியானதும் சாப்டியான்னு கேளு. அந்த ஒரு வார்த்தைதான் நடுங்காம வரும். 'தட்டைக் கழுவுறியா, இல்ல அதுக்கு ஞானஸ்நானம் பண்றியா'ன்னு கிழவி அந்தப் பக்கம் கத்துவா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒட்டிலியா கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் ஸ்மராண்டா.

"சொல்றதுக்காடி குழாயைத் திறந்தேன்?"

ஸ்மராண்டா கேட்டாள்: "நாளைக்குப் போடவா, வேணாமா?"

ப்ரோஃபிரா யோசித்தாள். மகளின் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த பிசின் பொடியை விரலால் தட்டிவிட்டாள். "போடு. ஆனா இந்தப் பொண்ணு முதுகைக் காட்டியே நிக்கட்டும். மூஞ்சி என்னோடது, அதை யாருக்கும் காட்டாத."

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. வசனத்தில் ஒரு சொல்லைக்கூட ஸ்மராண்டா மாற்றவில்லை. அவள் வாசிக்கத் தொடங்கியதும் ஒட்டிலியா முதுகைக் காட்டிக் குழாயைத் திறந்தாள். தட்டுச் சத்தத்துக்கு எங்கோ பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்தார்கள்; சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. ஸ்மராண்டா வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கவில்லை. பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, தண்ணீரின் சத்தத்துக்கும் கீழே கொண்டுபோனாள். அப்படியே கண்ணைத் தாழ்த்தி முன்வரிசையைப் பார்த்தாள். வயலினைத் தாங்க அவள் தலை இடது தோளில் சாய்ந்திருந்தது. இருட்டில், கையில் போன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையும் இடது தோளில்தான் சாய்ந்திருந்தது.